மறைத்து வைப்பதா அன்பு?



குருவாகத் திருநிலைப்படுத்தப்பட்டு ஓரிரு ஆண்டுகளே ஆகியிருந்த காலம் அது. பங்கில் ஒரு தாய் நோயுற்றுப் படுக்கையில் இருப்பதாக அறிந்து, நற்கருணையோடு அவரது இல்லத்திற்குச் சென்றேன். படலையைத் திறக்கும் முன்னரே மகன் ஓடிவந்து என்னை வேலியோரத்தில் நிறுத்திக்கொண்டார். "சுவாமி, அம்மாவுக்கு ஒண்டும் தெரியாது. வயித்திலை புண் எண்டுதான் சொல்லி வைச்சிருக்கிறம். நீங்களும் வாய்தவறிச் சொல்லிப் போடாதையுங்கோ" என்று தாழ்ந்த குரலில் கேட்டுக்கொண்டார். புற்றுநோய் ஈரலுக்கும் பரவிவிட்டது என்றும், இனிச் சத்திரசிகிச்சையால் பயனில்லை என்றும் வைத்தியர்கள் கூறியிருந்ததை அங்கே வைத்துத்தான் எனக்குச் சொன்னார். நான் தலையசைத்துவிட்டு உள்ளே சென்றேன்.

செபித்து, நற்கருணை வழங்கிய பின்னர், தேநீர் போடுவதற்காக மகன் குசினிக்குள் சென்ற வேளையில் அத்தாய் என் கையைப் பற்றினார். "சுவாமி, இது என்ன வருத்தம் எண்டு எனக்குத் தெரியும். மகரகமவுக்குக் கூட்டிக்கொண்டு போன அண்டைக்கே விளங்கீட்டுது. பெடியன் தாங்கமாட்டான். எனக்குத் தெரியும் எண்டு அவனுக்குச் சொல்லிப் போடாதையுங்கோ" என்றார். அது பாவசங்கீர்த்தனத்தில் சொல்லப்பட்டதன்று. ஒரு தாய் தன் பிள்ளைக்காகக் கேட்டுக்கொண்ட தயவு. அதற்கும் நான் தலையசைத்தேன். மகன் கொண்டுவந்த தேநீரை மூவரும் அருந்தினோம். மழையைப் பற்றியும், வரவிருந்த ஆலயத் திருவிழாவைப் பற்றியும் கதைத்தோம்.

ஆறு வாரங்களின் பின் அத்தாய் இறைபதம் எய்தினார். முப்பத்தோராம் நாள் நினைவுத் திருப்பலி முடிந்ததும் மகன் என்னிடம் வந்தார். தாயின் ட்றங்குப் பெட்டியைத் திறந்தபோது, அடக்கச் செலவுக்கென முடிந்து வைக்கப்பட்ட பணமும், தனக்கு உடுத்திவிடவேண்டிய சேலையும், பாடவேண்டிய பாடல்களின் பெயர்களை எழுதிய துண்டுக் கடதாசியும் அதற்குள் இருந்தனவாம். "அப்ப அம்மாவுக்குத் தெரிஞ்சிருந்ததோ, சுவாமி?" என்று கேட்டார். அவருடைய முகத்தை என்னால் நேரே நோக்க முடியவில்லை. இருவருடைய இரகசியத்தையும் காத்துக்கொண்டதைக் குருவுக்குரிய நிதானம் என்றே அதுவரை எண்ணியிருந்தேன். உண்மையில் எனக்கு அன்று துணிவு இருக்கவில்லை. ஒருவரையொருவர் காப்பதாக எண்ணிய தாயும் மகனும் அந்த ஆறு வாரங்களையும் ஒரே கூரையின் கீழ்த் தனித்தனியே அழுது கழித்தனர். இருவருடைய கண்ணீரையும் அறிந்திருந்த ஒரே மனிதனாகிய நான், தேநீர் அருந்திவிட்டு எழுந்து வந்தேன்.

இஃது ஒரு வீட்டின் கதை மாத்திரமன்று. முற்றிய புற்றுநோய் என்ற செய்தி எமது இல்லங்களுக்குள் நுழையும்போது, அதனோடு கூடவே ஒரு மௌனமும் நுழைந்துவிடுகின்றது. நோயின் பெயரைக்கூட உச்சரிக்காமல் 'அந்த வருத்தம்' என்கின்றோம். வைத்திய அறிக்கைகள் அலுமாரிக்குள் பூட்டப்படுகின்றன. கனடாவிலும் இலண்டனிலும் உள்ள பிள்ளைகள் தொலைபேசியில் சிரித்துக் கதைத்துவிட்டு, அழைப்பைத் துண்டித்த பின் அழுகின்றனர். உண்மையைச் சொன்னால் நோயாளி மனமுடைந்து விரைவில் இறந்துவிடுவார் என்ற அச்சமும், அயலவர் என்ன சொல்வார்களோ, வீட்டிலுள்ள பெண்பிள்ளையின் கலியாணம் தடைப்பட்டுவிடுமோ என்ற கவலையும் இந்த மௌனத்திற்குக் காரணங்களாகின்றன. இவற்றின் அடியில் அன்பு இருக்கின்றது என்பதை நான் மறுக்கவில்லை. எனினும் அன்பினால் எழுப்பப்பட்ட சுவரும் சுவர்தான். அதற்கு அப்பால் நோயாளி தனித்தே கிடக்கின்றார்.

நோயாளிக்குத் தெரியாது என நாம் எண்ணிக்கொள்வது பெரும்பாலும் எம்மை நாமே ஏமாற்றிக்கொள்வதாகும். சுவிற்சலாந்தில் பிறந்த உளநல வைத்தியரான எலிசபெத் கியூப்லர் ரொஸ் அம்மையாரிடம், 1965ஆம் ஆண்டு அமெரிக்காவின் சிக்காகோ நகரில் இறையியல் மாணவர் நால்வர் சென்றனர். மரணத்தை எதிர்நோக்கும் மனிதரின் உள்ளத்தைப் பற்றி அறிய அவர்கள் விரும்பினர். அந்த நோயாளரிடமே கேட்டறிவோம் என அம்மையார் முடிவு செய்து, தாம் பணியாற்றிய பெரிய வைத்தியசாலையில் விசாரித்தார். மரணத் தறுவாயில் எவருமே இங்கு இல்லை என்பதே அவருக்குக் கிடைத்த பதில். நூற்றுக்கணக்கான கட்டில்கள் கொண்ட வைத்தியசாலையில் அப்படியொருவரும் இருக்கவில்லையாம்! ஆயினும் அவர் தேடிச் சென்று கட்டிலருகே அமர்ந்தபோது, நோயாளர் பலர் ஆறுதலோடு மனந்திறந்து பேசினர். எவரும் வாய்திறந்து சொல்லாதபோதிலும் தமது நிலையை அவர்கள் ஏற்கெனவே உணர்ந்திருந்தனர். சுற்றியிருப்போரின் மாறிய முகங்களும், திடீரெனக் கிடைத்த அளவுக்கு மீறிய உபசரிப்பும், கதவருகே நின்றுபோகும் உரையாடல்களும் அவர்களுக்கு அதைச் சொல்லிவிட்டிருந்தன.

இந்த அனுபவங்களிலிருந்து 1969ஆம் ஆண்டு அவர் வெளியிட்ட நூலில், மறுத்தல், சினங்கொள்ளல், பேரம் பேசுதல், மனச்சோர்வு, ஏற்றுக்கொள்ளல் என ஐந்து நிலைகளைக் குறிப்பிட்டார். இவற்றைப் படிக்கட்டுகள் போலக் கருதி, நோயாளி இப்போது எந்தப் படியில் நிற்கின்றார் எனக் கணக்கிடுவது தவறு. காலையில் அமைதியாக இருந்தவர் மாலையில் சினங்கொள்ளலாம். நேற்றுத் தன் அடக்கத்தைப் பற்றிப் பேசியவர் இன்று அடுத்த நத்தாருக்குப் புதிய உடுப்புத் தைக்கச் சொல்லலாம். எல்லோரும் இந்த ஐந்தையும் கடப்பதுமில்லை. நாம் அறிந்துகொள்ளவேண்டியது இதுவே: சினமும், சோர்வும், மறுப்பும் இத்தகைய செய்தியைக் கேட்ட மனித உள்ளத்தின் இயல்பான அசைவுகள். அவற்றைக் கண்டு நாம் அஞ்சவோ கண்டிக்கவோ வேண்டியதில்லை.

இங்கே விசுவாசிகளாகிய நாம் எம்மையே சற்றுச் சோதித்துப் பார்க்கவேண்டும். நோயாளி அழுதால், "இயேசுவிடம் நம்பிக்கை இல்லையோ?" என்று கேட்கின்றோம். அஞ்சினால், "செபமாலை சொல்லுங்கோ, எல்லாம் சரிவரும்" என்று பேச்சை முடித்துவிடுகின்றோம். சுகமளிக்கும் செபக்கூட்டத்திற்குச் சென்று சுகம் கிடையாமல் திரும்பியவரிடம், விசுவாசம் போதாது எனச் சொல்வோரும் உளர். உடல் நோயோடு குற்றவுணர்வையும் சேர்த்து அவரை வீட்டுக்கு அனுப்புகின்றோம். 'என்ன பாவம் செய்தாரோ' என்று முணுமுணுப்போரும் இல்லாமலில்லை. பிறவியிலேயே பார்வையற்ற மனிதரைக் கண்ட சீடர், இது யார் செய்த பாவம் என வினவியபோது, அந்தக் கேள்வியையே ஆண்டவர் ஏற்கவில்லை என்பதை யோவான் நற்செய்தியின் ஒன்பதாம் அதிகாரத்தில் காண்கின்றோம்.

திருவிவிலியம் மனிதரின் அச்சத்தை மறைத்ததில்லை. எசேக்கியா அரசன் நோயுற்றபோது, அவன் பிழைக்கமாட்டான், ஆகவே தன் வீட்டுக் காரியங்களை ஒழுங்குபடுத்தவேண்டும் என்ற செய்தியை இறைவாக்கினர் எசாயா நேரடியாகவே அவனிடம் அறிவித்தார். அரசன் சுவர்ப்பக்கமாக முகத்தைத் திருப்பிக்கொண்டு மனங்கசந்து அழுதான். அந்தக் கண்ணீருக்காக இறைவன் அவனைக் கடிந்துகொள்ளவில்லை. தாம் அதைக் கண்டதாகவே அறிவித்தார். அவனுக்குப் பதினைந்து ஆண்டுகள் கூட்டிக்கொடுக்கப்பட்டன. எல்லோருக்கும் அந்தப் பதினைந்து ஆண்டுகள் கிடைப்பதில்லை என்பதை நாம் அறிவோம். எசேக்கியாவும் பின்னர் இறந்தவனே. ஆனால் சுவரை நோக்கி அழுத மனிதனின் அழுகை கேட்கப்பட்டது என்பது எல்லோருக்கும் உரிய செய்தி.

திருப்பாடல்களில் பெருந்தொகையானவை புலம்பல்கள். எண்பத்தெட்டாவது திருப்பாடல் விடியலைக் காணாமல் இருளிலேயே முடிவடைகின்றது. திருச்சபை அதை நீக்கிவிடவில்லை. இன்றும் இரவுச் செபத்தில் அதைச் சொல்கின்றது. யோபுவின் நண்பர்கள் ஏழு பகலும் ஏழு இரவும் அவரோடு தரையில் மௌனமாக அமர்ந்திருந்தனர். அவர்கள் செய்தவற்றுள் அதுவே சிறந்தது. வாய்திறந்து விளக்கம் சொல்லத் தொடங்கியபோதுதான் அவரைக் காயப்படுத்தினர். இறுதியில் இறைவன், தம்மோடு வழக்காடிய யோபுவே சரியாகப் பேசினார் என்றும், தமக்காக வாதாடிய நண்பர்கள் சரியாகப் பேசவில்லை என்றும் தீர்ப்பளிக்கின்றார். நோயாளியின் சினத்தைக் கேட்டு இறைவன் மனம் கோணுவார் என அஞ்சுவோர் இதைச் சிந்திக்கட்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாகக் கெத்சமனித் தோட்டம் எமக்கு முன் உள்ளது. தம் மரணம் அண்மித்துவிட்டதை அறிந்த இயேசு, அமைதியான முகத்தோடு நடிக்கவில்லை. தம் உள்ளம் சாவுக்கேதுவான துயரில் ஆழ்ந்திருப்பதைச் சீடர் மூவரிடம் வெளிப்படையாகச் சொன்னார். துன்பக் கிண்ணம் அகலவேண்டுமென மன்றாடினார். அந்த நண்பர்களிடம் அவர் கேட்டது என்ன? விளக்கம் கேட்கவில்லை, வீரம் கேட்கவில்லை. தம்மோடு விழித்திருக்குமாறு மட்டுமே கேட்டார். அவர்களோ உறங்கிப்போயினர். துயரத்தினாலேயே அவர்கள் உறங்கினர் என லூக்கா குறிப்பிடுகின்றார். நோயாளியின் அருகிலிருந்து நாம் எழுந்து போவதும் பெரும்பாலும் அன்பில்லாமையால் அன்று, தாங்கமுடியாத துயரத்தினாலேயே. ஆயினும், கைவிடப்பட்டவரின் தனிமை அதனால் குறைந்துவிடுவதில்லை.

இந்தச் சிறிய வேண்டுகோளின் மீது ஒரு பெரும் பணியே கட்டியெழுப்பப்பட்டது. சிசிலி சோண்டேர்ஸ் என்ற ஆங்கிலேயப் பெண்மணி முதலில் தாதியாகவும், பின்னர் நோயாளருக்கான சமூகப் பணியாளராகவும், இறுதியில் வைத்தியராகவும் பயிற்சி பெற்றவர். 1948ஆம் ஆண்டு இலண்டனில், புற்றுநோயால் இறந்துகொண்டிருந்த போலந்து நாட்டு யூத அகதியொருவரை அவர் சந்தித்தார். உறவினர் எவருமற்ற அந்த மனிதர், சோண்டேர்ஸ் அமைக்க எண்ணிய இல்லத்தில் ஒரு யன்னலாக இருக்க விரும்புவதாகச் சொல்லி, தம்மிடமிருந்த 500 பவுண்களை அவருக்கு விட்டுச் சென்றார். அந்த யன்னலைச் சுற்றி வீடு எழும்பப் பத்தொன்பது ஆண்டுகள் சென்றன. 1967ஆம் ஆண்டு இலண்டனில் புனித கிறிஸ்தோப்பர் இல்லம் திறக்கப்பட்டது. அதன் அடிப்படையை விளக்கும்போது அவர் எடுத்தாண்டது கெத்சமனியின் வேண்டுகோளையே. துன்பத்தை விளக்கிவிட முடியாதபோதும், முற்றாக நீக்கிவிட முடியாதபோதும், உடனிருக்க முடியும் என்பதே அவர் கண்ட பொருள். உடலின் நோவு, உள்ளத்தின் நோவு, குடும்பத்தையும் பொருளாதாரத்தையும் பற்றிய நோவு, வாழ்வின் பொருளைத் தேடும் ஆன்ம நோவு ஆகிய நான்கும் ஒன்றோடொன்று பின்னிப்பிணைந்தவை, ஒன்றைக் கவனியாது மற்றதைத் தீர்க்க முடியாது என்று அவர் கற்பித்தார்.

ஆகவே, உள்ளத்தைத் தேற்ற விரும்புவோர் முதலில் உடலின் நோவைக் கவனிக்கவேண்டும். இரவெல்லாம் நோவினால் துடிப்பவரிடம் பொறுமையைப் பற்றிப் பிரசங்கிப்பது இரக்கமாகாது. மோர்பின் என்ற மருந்தின் பெயரைக் கேட்டதும் எமது மக்கள் கலங்குகின்றனர். இறுதி நேரம் வந்துவிட்டது எனவும், அதற்கு அடிமையாகிவிடுவார் எனவும் எண்ணி, வைத்தியர் கொடுத்ததையும் கொடாமல் விடுகின்றனர். உலக சுகாதார நிறுவனம் 1986ஆம் ஆண்டு வெளியிட்ட வழிகாட்டலில், புற்றுநோயின் நோவுக்கு மருந்தை நோவு வந்த பின்னர் அன்றி, மணிக்கணக்கு வைத்துக் கொடுக்கவேண்டும் எனவும், நோவின் அளவுக்கேற்பப் படிப்படியாக வலுவான மருந்துக்குச் செல்லவேண்டும் எனவும் எடுத்துரைத்தது. நோவைத் தாங்குவதே புண்ணியம் எனக் கருதுவோருக்கு ஒன்று சொல்லவேண்டும். 1957ஆம் ஆண்டிலேயே பாப்பரசர் பன்னிரண்டாம் பத்திநாதர், வேறு வழியில்லாதபோது, ஆயுள் சற்றுக் குறையக்கூடும் எனினும், நோவைத் தணிக்கும் நோக்கத்தோடு மருந்தைப் பயன்படுத்துவது தகும் எனப் போதித்தார். கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூலும் நோய்த் தணிப்புப் பராமரிப்பைத் தன்னலமற்ற அன்பின் சிறப்பான வடிவமாகப் போற்றுகின்றது.

இன்னோர் அச்சமும் உண்டு. குருவானவர் வீட்டுக்கு வந்தால் மரணம் வந்துவிட்டது என நினைக்கும் வழக்கம் இன்னும் முற்றாக மறையவில்லை. 'அவஸ்தைப்பூசுதல்' என எமது முன்னோர் அழைத்த அருட்சாதனத்தை, இறக்கும் தறுவாயில் உள்ளோருக்கு மட்டும் உரியதெனக் கொள்ளலாகாது என இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963ஆம் ஆண்டில் தெளிவுபடுத்தியது. 1972ஆம் ஆண்டு பாப்பரசர் ஆறாம் சின்னப்பர் அதன் சடங்கைப் புதுப்பித்தார். இன்று அது 'நோயிற்பூசுதல்' எனப்படுகின்றது. நினைவிழந்து கிடப்பவருக்காக நள்ளிரவில் குருவைத் தேடி ஓடுவதை விட, நோயாளி தானே செபத்திற்குப் பதிலுரைக்கக்கூடிய நாளில், குடும்பத்தார் சூழ அதைப் பெற்றுக்கொள்வதே முறை. நெற்றியிலும் கைகளிலும் எண்ணெய் பூசப்படும் அவ்வேளையில், பலரும் பல மாதங்களின் பின் முதன்முறையாக மனந்திறந்து அழுவதை நான் கண்டிருக்கின்றேன். அது நல்ல அழுகை.

திருச்சபையின் உயர்பதவியில் இருந்த ஒருவர் இந்தப் பாதையில் எவ்வாறு நடந்தார் என்பதையும் நினைவுகூரலாம். சிக்காகோ பேராயராக விளங்கிய கர்தினால் ஜோசப் பேர்னாடின் அவர்களுக்கு 1995ஆம் ஆண்டு யூன் மாதத்தில் கணையத்தில் புற்றுநோய் இருப்பது கண்டறியப்பட்டது. சத்திரசிகிச்சைக்கும் கதிர்வீச்சுக்கும் இரசாயன சிகிச்சைக்கும் அவர் உட்பட்டார். தமது நோயை அவர் மறைக்கவில்லை. சிகிச்சைக்காகச் சென்ற இடத்திலேயே ஏனைய புற்றுநோயாளரிடம் சென்று அமர்ந்தார். நூற்றுக்கணக்கானோரின் பெயர்களை எழுதி வைத்து அவர்களுக்காகச் செபித்தார். 1996ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் நோய் ஈரலில் மீண்டும் தோன்றிவிட்டது என்றும், இனிச் சத்திரசிகிச்சை இயலாது என்றும் வைத்தியர்கள் அறிவித்தபோது, அதையும் செய்தியாளர் முன் தாமே வெளிப்படுத்தினார். அதே ஆண்டு நவம்பர் 14ஆம் திகதி அவர் இறைபதம் அடைந்தார்.

தம் இறுதி மாதங்களில் எழுதிய நூலில் அவர் ஒப்புக்கொண்ட ஒன்று எனக்கு மிகுந்த ஆறுதல் தருகின்றது. சத்திரசிகிச்சைக்குப் பிந்திய நாட்களில், செபிக்க விரும்பியும் உடலின் நோவு காரணமாகத் தம்மால் செபிக்க முடியாமல் இருந்தது என்றும், ஆகவே நலமாக இருக்கும்போதே செபித்துப் பழகிக்கொள்ளவேண்டும் என்றும் தம்மைக் காண வந்தோருக்கு அவர் கூறினார். நாள்தோறும் அதிகாலையில் எழுந்து செபிக்கும் வழக்கமுடைய ஒரு கர்தினாலின் நிலையே அதுவாயின், நோவோடு போராடும் எளிய விசுவாசி, 'என்னால் செபிக்க முடியவில்லையே' எனத் தன்னை நொந்துகொள்ளத் தேவையில்லை. அவ்வேளையில் அவருக்காகச் செபிக்கவே திருச்சபை இருக்கின்றது. கட்டில்காரனைச் சுமந்து, கூரையைப் பிரித்து, ஆண்டவர் முன் இறக்கிய நால்வரை நற்செய்தியில் காண்கின்றோம். நோயாளி செபிக்க இயலாத நாளில் கட்டிலைச் சுமப்பது எமது முறை.

அவ்வாறாயின் எவ்வாறு பேசத் தொடங்குவது? உண்மையை ஒரு கல்லைப் போல ஒருவர்மீது போடவேண்டும் என நான் சொல்லவில்லை. எவ்வளவு அறிய விரும்புகின்றார் என்பதைத் தீர்மானிக்கும் உரிமை நோயாளிக்கு உரியது. சிலர் எல்லாவற்றையும் கேட்டறிய விரும்புவர். சிலர் சிறிது சிறிதாகக் கேட்பர். சிலர் கேட்கவே விரும்பமாட்டார்கள். அதற்கும் மதிப்பளிக்கவேண்டும். ஆனால் அவர் கேட்கும்போது பொய் சொல்லலாகாது. கேட்பதற்கு ஒரு கதவையாவது நாம் திறந்து வைக்கவேண்டும். 'வைத்தியர் சொன்னதிலை உங்களுக்கு என்ன விளங்கினது?' 'உங்கடை மனதிலை என்ன ஓடுது?' 'எதை நினைச்சால் கூடப் பயமாய் இருக்குது?' இத்தகைய கேள்வி ஒன்றைக் கேட்டுவிட்டு, பதில் வரும்வரை மௌனமாக அமர்ந்திருப்பதே போதுமானது. அழுகை வந்தால் வரட்டும், கையைப் பற்றிக்கொள்ளுங்கள்.

மேற்சொன்ன தாயின் மரணத்திற்குச் சில ஆண்டுகளின் பின், வேறொரு பங்கில் அதே நிலையை மீண்டும் சந்தித்தேன். இம்முறை நோயாளி ஒரு லொறிச் சாரதி. நுரையீரலில் தோன்றிய நோய் எலும்புக்கும் பரவியிருந்தது. மனைவி என்னைப் படலையில் மறித்தார். நான் எந்த இரகசியத்தையும் வெளியிடவில்லை. "நீங்கள் ஒண்டும் சொல்லவேண்டாம். இண்டைக்கு இரவு அவரிட்டை, 'உங்களுக்கு எதிலை பயம்' எண்டு மட்டும் கேளுங்கோ அம்மா" என்றேன். அடுத்த வாரம் நான் சென்றபோது இருவருடைய முகங்களும் அழுது வீங்கியிருந்தன. ஆனால் அவர்கள் ஒருவருக்கொருவர் அருகில் அமர்ந்திருந்தனர். சாவதற்கு அவர் அவ்வளவாக அஞ்சவில்லையாம். இரவில் மூச்சுத் திணறி இறந்துவிடுவேனோ என்பதும், லொறிக்காகப் பெற்ற கடன் மனைவியின் தலையில் விழுமோ என்பதும், பன்னிரண்டு ஆண்டுகளாகப் பேசாதிருந்த தம்பியுமே அவருடைய நித்திரையைக் கெடுத்திருந்தன. மூச்சுத் திணறலைத் தணிக்கவும் மருந்து உண்டு என வைத்தியர் விளக்கினார். கடனைப் பற்றி உறவினர் கூடிப் பேசினர். தம்பியை அழைத்துவரும் வேலை என் பங்காயிற்று. பெயர் சொல்லப்படாத அச்சம் வீடு முழுவதையும் நிரப்புகின்றது. பெயர் சொல்லப்பட்டால் அதற்கு ஓர் எல்லை கிடைக்கின்றது. அவர் குணமடையவில்லை, நான்கு மாதங்களின் பின் இறந்தார். ஆனால் தனியே இறக்கவில்லை.

நம்பிக்கை என்பதைக் குணமடைதல் என்ற ஒன்றோடு மட்டும் கட்டிவிடலாகாது. அற்புதத்திற்காகச் செபிப்பது தவறன்று; சிகிச்சையைக் கைவிட்டுவிட்டு அற்புதத்தை மட்டும் எதிர்பார்ப்பதே தவறு. நோய் மாறும் என்ற நம்பிக்கை தளரும் நாளிலும் வேறு நம்பிக்கைகள் உள்ளன: நோவின்றி உறங்கும் ஓர் இரவு, மகளின் முதல் நன்மையைக் காணும் நாள், உறவோடு ஒப்புரவாகும் வேளை, வெளிநாட்டிலிருந்து மகன் வந்து சேரும்வரை காத்திருத்தல், இவை அனைத்துக்கும் அப்பால், எம்மைக் கைவிடாத இறைவனின் கரம். சிறுபிள்ளைகளையும் இதிலிருந்து விலக்கி வைக்கவேண்டாம். அவர்களுக்கு விளங்கும் மொழியில் உண்மையைச் சொல்லாவிடின், தாங்கள் செய்த ஏதோ குற்றத்தினால்தான் வீடு இருண்டுவிட்டது என அவர்கள் எண்ணிக்கொள்வர்.

ஒன்றை எச்சரிக்கையாகச் சொல்லவேண்டும். துயரம் இயல்பானது, ஆயினும் பல நாட்களாக எவரோடும் பேசாமல், எதிலும் நாட்டமின்றி, வாழ்வை முடித்துக்கொள்வது பற்றி நோயாளி பேசுவாராயின், அதை விசுவாசக் குறைவெனக் கண்டியாதீர்கள், நோயின் பகுதியென விட்டுவிடவும் வேண்டாம். உடனே வைத்தியரிடம் தெரிவியுங்கள். மனச்சோர்வுக்கும் சிகிச்சை உண்டு. தேசிய உளநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்திற்கும் அழைக்கலாம். அவ்வாறே, இரவுபகலாகப் பராமரிக்கும் மனைவியையும் மகளையும் மருமகளையும் மறந்துவிடாதீர்கள். நோயாளியைப் பார்க்கச் செல்வோர் தோடம்பழத்தோடு திரும்பிவிடாமல், இரண்டு மணித்தியாலம் கட்டிலருகே இருந்து, அவர்களைச் சற்று உறங்கச் செய்வாராயின் அதுவே பெரும் தர்மம்.

2011ஆம் ஆண்டு, தெல்லிப்பழையில் புற்றுநோய்ச் சிகிச்சைப் பிரிவை அமைப்பதற்கு நிதி திரட்டுவதற்காக, இந்நாட்டின் தென்முனையாகிய தெய்வேந்திரமுனையிலிருந்து வடமுனையாகிய பருத்தித்துறை வரை ஏறக்குறைய நான்கு வாரங்கள் மக்கள் நடந்தே வந்தனர். மொழியும் மதமும் பாராமல், முகமறியாத நோயாளருக்காக அவ்வளவு தூரம் நடந்தனர். எமக்கோ, முன் அறையிலிருந்து நோயாளியின் கட்டில்வரை சில அடிகள்தான் உள்ளன. அந்தச் சில அடிகளே சில வேளைகளில் மிக நீண்ட பயணமாகிவிடுகின்றன என்பதை நான் என் அனுபவத்தில் அறிவேன்.

நோயுற்ற நிலையில் இதனை வாசிக்கும் அன்பரே, உமது அச்சத்திற்காக நீர் வெட்கப்படவேண்டாம். உமது ஆண்டவரும் அஞ்சினார். உமது கண்ணீரை வீட்டாரிடமிருந்து மறைக்கவேண்டாம். அவர்களுக்காக நீர் தரித்திருக்கும் சிரித்த முகத்தை இன்று ஒரு மணி நேரமாவது கழற்றி வையும். செபிக்க முடியாவிடின் மௌனமாக இரும். உம்மைச் சுமக்க ஆட்கள் உண்டு.

வீட்டிலுள்ளோரே, இன்று திருப்பலி முடிந்து வீடு திரும்பியதும் அந்தக் கட்டிலருகே ஒரு கதிரையை இழுத்துப் போட்டு அமருங்கள். தொலைக்காட்சியை நிறுத்துங்கள். ஒரேயொரு கேள்வியைக் கேளுங்கள். பதிலைக் கேட்டுவிட்டு எழுந்து போகாதிருங்கள். ட்றங்குப் பெட்டியைத் திறந்த பின்னர் அந்த மகன் என்னிடம் கேட்ட கேள்வியை, தாய் உயிரோடிருக்கையில் அவரிடமே கேட்டிருக்கலாம். அதற்கான காலம் உங்களுக்கு இன்னும் இருக்கின்றது.

கெத்சமனியில் தனித்து விழித்திருந்த ஆண்டவர், இன்றிரவு நோயுடன் விழித்திருக்கும் ஒவ்வொருவரோடும், அவர்களருகே விழித்திருப்போரோடும் தங்குவாராக. ஆமென்.